பின்னறைச் சுவரும் ஒரு கூரைப் புடவையும்

யோகேஸ்வரி சும்மா உட்கார்ந்து பாடாங் செராய் ஊரில் யாரும் பார்த்ததில்லை. தையல் மெஷின் முன்னால் உட்காருவாள்தான், அதையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது; அங்கேயும் கால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பாதித் தையலில் எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பாள். வாசலில் காயும் துணியைத் திருப்பிப் போடுவாள். மழை வருகிறதா என்று வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, எதற்கு எழுந்தோம் என்பதே மறந்து மறுபடி வந்து மிதிப்பாள். அவள் புருஷன் பக்கிரிசாமி குலிம் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்கத் தான் ஓட்டுகிற தூரம், பெண்டாட்டி வீட்டுக்குள் ஓடுகிற தூரத்தில் பாதிகூட வராது என்று சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்கட்டும். அந்த ஓட்டத்தில்தான் குடும்பம் நின்றது. அவள் பிறந்த எஸ்டேட்டை விற்று, தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் எலெக்ட்ரானிக் பேக்டரியில் நின்றே வேலை பார்த்தாள். கண் மங்க ஆரம்பித்ததும் வேலையை விட்டு, ரவிக்கை தைக்கக் கற்றுக்கொண்டாள். இன்றைக்கு நாற்பத்தேழு வயதில், இந்த வட்டாரத்தில் கல்யாணம் என்றால் மண்டபத்துக்கு அடுத்து யோகேஸ்வரியிடம்தான் தேதி கேட்கிறார்கள். மகளை ஈப்போவில் படிக்க வைப்பதும் அந்த மெஷின்தான்.

ஒன்பது வருஷமாகக் குடியிருப்பது ஒரு தாமானில், அந்தக் குடியிருப்பின் வரிசை வீடுகளில் ஒன்று. சொந்தக்காரர் சம்சியாக்கா. பெரிய சாலையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். வீட்டைப் பேசி வாடகைக்கு விட்டவர் அவருடைய கணவர் முகம்மது ஹனீபா. இப்போது அவர் இல்லை. அன்றைக்குக் கடையில் ஆளுக்கொரு தேத்தண்ணி குடித்துக்கொண்டே மாசா மாசம் சேவா எவ்வளவு என்று பேசி முடித்தார்கள். பக்கிரிசாமி காகிதம் ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டதற்கு, நமக்குள்ளே எதுக்குங்க காகிதம் என்று ஹனீபா பாய் சாவியைக் கையில் வைத்துவிட்டார். யோகேஸ்வரிக்கு அதில் அத்தனை பெருமை. எங்களுக்கும் வீட்டுக்காரங்களுக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். பெருமைப்பட எத்தனையோ விஷயம் இருக்க, இதைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

சம்சியாக்கா வீட்டுச் சொந்தக்காரர் மட்டும் இல்லை. கடைக்குப் புடவை எடுக்க வருகிற பெண்களிடம், ரவிக்கைக்கு நம்ம யோகுகிட்ட குடும்மா என்று சொல்லி அனுப்புவதும் அவர்தான். யோகேஸ்வரியின் வாடிக்கையில் பாதி அந்தக் கடையிலிருந்து நடந்து வந்தது. இப்படிப்பட்டவரிடம் போய் உங்கள் வீட்டில் அது ஒழுகுகிறது, இது ஒழுகுகிறது என்று எப்படிச் சொல்வது? அவளால் முடியவில்லை. மென்று முழுங்கினாள்.

முழுங்கிய சமாசாரம் பின்னறைச் சுவர். அந்தப் பக்கம் குளியலறை, இந்தப் பக்கம் யோகேஸ்வரியின் துணி அலமாரி. குடிவந்த முதல் மழைக்காலத்தில் அலமாரிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகப் பூசணம் பிடித்தது. பிளீச் ஊற்றித் தேய்த்தாள். போனது. பத்து நாளில் கூட்டாளிகளோடு திரும்பி வந்தது. மறுபடி தேய்த்தாள். இப்படியே தேய்த்துக்கொண்டிருக்கையில் தீபாவளி வந்துவிட்டது.

தீபாவளிக்குச் சம்சியாக்கா தவறாமல் வருவார். அவருக்கென்று பாய் கடையில் கோழி வாங்கி, தனியாக வைத்திருக்கிற சட்டியில் யோகேஸ்வரி சமைப்பாள். சாப்பிட்டு முடிக்கையில் மதியத் தொழுகை நேரம் வந்துவிடும். பின்னறையில்தான் பாய் விரித்துத் தொழுவார். தொழுகிற திசை சரியாக அந்தச் சுவரைப் பார்த்த திசை. நல்ல நாளும் அதுவுமாகத் தொழுகிற மனுஷிக்கு முன்னால் கறுத்த சுவரையா காட்டுவது? பக்கிரிசாமியை ராத்திரியோடு ராத்திரியாகப் பெயிண்ட் வாங்கிவரச் சொல்லி அடிக்க வைத்தாள். தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது எல்லாரும் செய்கிறதுதானே! சம்சியாக்கா தொழுது முடித்துப் பாயைச் சுருட்டிக்கொண்டே, வீட்ட புதுப்பொண்ணு மாதிரி வச்சிருக்க புள்ள என்று மெச்சினார். அடுத்த வருஷம் பூசணம் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வந்தது. மறுபடி அடித்தார்கள். ஒரு வருஷம் ரோஜா நிறம், ஒரு வருஷம் சந்தன நிறம், ஒரு வருஷம் இளம்பச்சை. ஒவ்வொரு வருஷமும் சம்சியாக்கா அதற்கு முன்னால் நின்று தொழுதார், ஒவ்வொரு வருஷமும் மெச்சினார்.

சொல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு தடவை கடையில் லைனிங் துணி அளந்துகொண்டிருக்கையில், பின்னறையில கொஞ்சம் ஈரம் அடிக்குதுக்கா என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். இந்த மழைக்கு எந்த வீட்டுலதான் அடிக்கல என்று அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார். அதோடு முடிந்தது பேச்சு. ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னதை இன்னொருத்தி சிரித்துக்கொண்டே கேட்டால் அந்தச் சுவருக்கு யார்தான் வைத்தியம் பார்ப்பது?

இந்த வருஷம் வாசுகியின் கூரைப் புடவை வந்தது.

வாசுகி குலிமில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். கெட்டிக்காரப் பெண், வார்த்தையை அளந்து பேசுவாள். மாப்பிள்ளை வீடு பெண்டாங்கில். மாப்பிள்ளையின் அம்மா நவமணி பினாங்குக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கி எடுத்த அரக்குச் சிவப்புப் பட்டு. தாலி கட்டும்போது உடுத்துகிற புடவை. அதை எடுத்துத் தருவது மாப்பிள்ளை வீட்டுச் சீர். கோயிலில் வைத்துப் படைத்து, முனையில் மஞ்சள் தடவி, அந்த மஞ்சள் காய்கிறதற்குள் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால் வாசுகி கொண்டுவந்து கொடுத்தாள். யோகேஸ்வரி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள். ரவிக்கைத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, மங்கலப் பொருளை அடிக்கடி பிரிக்கக்கூடாது என்று புடவையை அதே உறையில், அதே மஞ்சள் ஈரத்தோடு அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். ஃபால்ஸ் தைப்பதைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு ஆறு நாள் முன்னால், திங்கட்கிழமை காலை அவள் அலமாரியைத் திறந்து உறையைப் பிரித்தாள். முதலில் வாடைதான் வந்தது, மழையில் கிடந்த பழைய புத்தகத்தைப் பிரித்தால் வருமே, அந்த வாடை. அப்புறம் கண்ணில் பட்டது. மடிப்பு ஓரங்களில் சாம்பல் நிறத்தில் பஞ்சு பூத்திருந்தது. பஞ்சைத் தட்டினால் அடியில் கறுப்புப் புள்ளிகள். அலமாரியின் முதுகுப் பலகை ஈரத்தில் ஊதி, தொட்டால் விரல் அமுங்கியது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடியே பழகின பெண் ஐந்து நிமிஷம் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஓட ஆரம்பித்தாள் பாருங்கள், இரண்டு நாள் நிற்கவே இல்லை. காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றினாள். காடி கலந்த தண்ணீரைப் பஞ்சில் தொட்டு ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். சாயம் கலங்குவதுபோல் இருக்கவே பயந்து விட்டுவிட்டாள். வெயிலில் விரித்தாள், மழை வந்தது. உள்ளே கொண்டுவந்து ஃபேனுக்கு அடியில் விரித்தாள், வெயில் வந்தது. மறுபடி வெளியே ஓடினாள். பஞ்சு போய்விட்டது, வாடையும் பாதி போய்விட்டது. புள்ளிகள் மட்டும் போகவில்லை.

பட்டில் கறை என்றால் வேறு புடவை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று வெளியாள் சொல்லலாம். சாமிக்கு முன்னால் வைத்து எடுத்த கூரைப் புடவைக்கு வேறு ஏது? அதில் கறுப்புப் புள்ளி விழுந்தது என்று ஒரு வாய்க்குத் தெரிந்தால் போதும், பெண்ணின் ராசி அப்படி என்று பேசப் பத்து வாய் காத்திருக்கும். இன்னொரு பக்கம் யோகேஸ்வரியின் பிழைப்பு. கூரைப் புடவையைக் கெடுத்தவள் என்று பெயர் விழுந்தால் இனி எந்தக் கல்யாண வீடு அவள் வாசலை மிதிக்கும்?

பக்கிரிசாமி வீட்டுக்காரம்மாவிடம் போய்ச் சொல்லு என்றார். இத்தனை வருஷமாக வாயில் என்ன வைத்திருந்தீர்கள் என்று அவர்மேல் எரிந்து விழுந்தாள். அவர் வாயில் பெயிண்ட் பிரஷ்ஷை வைத்ததே அவள்தான் என்பதை அவரும் சொல்லவில்லை, பாவம். செவ்வாய்க்கிழமை ஜவுளிக்கடைக்கு மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் சம்சியாக்காவின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ள, நூல்கண்டு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

புதன்கிழமை காலை நூல்கண்டு வாங்கவில்லை. புடவையையே கொண்டுபோய்க் கல்லாவுக்கு முன்னால் விரித்தாள். உங்க சுவருதாங்க்கா இத இப்படி ஆக்கிருச்சு என்று சொல்லியும்விட்டாள்.

சம்சியாக்கா மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு புடவையைப் பார்த்தார். ஜவுளி தெரிந்தவர், பார்த்த உடனே உச்சுக்கொட்டினார். ஆனால் சுவர் என்றதும் முகம் மாறிவிட்டது. ஈர மஞ்சளைத் தடவி யாராவது பிளாஸ்டிக்கில் கட்டி வைப்பார்களா, அதுதான் பூத்திருக்கிறது என்றார். மஞ்சள் முனையில் இருக்கிறது, புள்ளி ஓரமெல்லாம் ஓடுகிறதே என்றாள் யோகேஸ்வரி. குரல் இரண்டு பக்கமும் ஏறியது. கடைப் பெண்கள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"தீபாவளிக்குத் தீபாவளி அந்த ரூம்ல, அந்தச் சுவரப் பாத்துத்தானே புள்ள தொழுவுறேன்? ஒரு வருசமாச்சும் நீ சொன்னியா? நானாச்சும் பாத்தனா?" என்றார் சம்சியாக்கா. கோபத்தைவிட அதில் மனத்தாங்கல்தான் அதிகம் இருந்தது.

யோகேஸ்வரி புடவையை மடித்தாள். வந்து பாருங்க்கா என்று மட்டும் சொன்னாள்.

சம்சியாக்கா தனியாக வரவில்லை. குழாய் வேலை பார்க்கிற பிச்சை அண்ணனையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். மெலிந்த மனிதர், அநாவசியமாகப் பேசமாட்டார். மூன்று பேருமாக அலமாரியை நகர்த்தினார்கள். பின்னால் சுவர் முழுக்க, மனுஷ உயரத்துக்குக் கறுத்துக் கிடந்தது. சம்சியாக்கா முக்காட்டு முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிச்சை அண்ணன் குளியலறைக்குப் போய் டைல்ஸைத் தட்டிப் பார்த்தார், குழாயில் காதை வைத்துக் கேட்டார். திரும்பி வந்து தகட்டால் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தார்.

முதலில் போன வருஷத்து மஞ்சள் பெயர்ந்தது. அதற்கு அடியில் கறுப்பு. கறுப்பைச் சுரண்டினால் இளம்பச்சை. அதற்கு அடியிலும் கறுப்பு. சந்தனம், கறுப்பு. ரோஜா, கறுப்பு. ஒவ்வொரு நிறம் வரும்போதும் சம்சியாக்கா தலையைத் திருப்பி யோகேஸ்வரியைப் பார்த்தார். அந்த வருஷம் என்ன சாப்பிட்டோம், யாரெல்லாம் வந்திருந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். யோகேஸ்வரிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அத்தனை நிறத்தையும் கடையில் நின்று தேர்ந்தெடுத்தவள் அவள்தானே.

பிச்சை அண்ணன் நிறுத்தவில்லை. யோகேஸ்வரி அடித்த முதல் பெயிண்டும் பெயர்ந்து, அதற்கடியில் ஒரு வான நீலம் வந்தது. அது அவள் அடித்ததில்லை. குடிவந்த அன்று சுவர் அந்த நிறத்தில்தான் பளிச்சென்று இருந்தது. வீடு எத்தனை சுத்தம் என்று அன்றைக்கு அவள் மெச்சினாள். தகடு நீலத்தையும் பெயர்த்தது. அதற்கு அடியிலும், பூச்சு தொடங்குகிற இடம் வரைக்கும் கறுப்புதான்.

சம்சியாக்கா கட்டிலின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அது அவங்க அடிச்சது. நாந்தான் கலர் கலந்து குடுத்தேன்," என்றார், கணவரைச் சொல்லி. "இந்தச் சுவரு எப்பவும் வேர்க்கும் சம்சியா, ஒரு கோட் அடிச்சிட்டா வர்றவங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னாங்க. நானும் சரின்னேன்."

செத்துப்போன கணவர்மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். நானும் சரின்னேன் என்பதைச் சொல்லாமலாவது விட்டிருக்கலாம். யோகேஸ்வரிக்கு மூன்று நாளாக நெஞ்சில் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

பிச்சை அண்ணன் தகட்டைத் துடைத்துக்கொண்டே மேலே கையைக் காட்டினார். சுவர் உச்சியில் காற்று வருகிற ஓட்டைகள் எல்லாவற்றிலும் அட்டை ஒட்டியிருந்தது. அடைத்தது யார் என்று கேட்டார். பட்டுத்துணியில் தூசி விழுகிறதென்று நான்தான் அடைத்தேன் என்றாள் யோகேஸ்வரி.

"டைல்ஸுக்குப் பின்னால பைப்பு ஒடஞ்சிருக்கு. இன்னிக்கி நேத்து ஒடஞ்சது இல்ல," என்றார் அவர். "தண்ணி வீட்டுக்காரங்களோடது. குலாட்ட, இந்தக் கறுப்புப் பூசணத்த, மூடி வச்சு வளத்தது நீங்க. சுவர ஒடைக்கணும், ரெண்டு வாரமாவும், வேற வழி இல்ல லா."

உடைங்கண்ணே என்று சம்சியாக்கா சொல்லிவிட்டார். சுவர் விவகாரம் அத்தோடு முடிந்தது. ஒன்பது வருஷம் சொல்லப் பயந்தது ஒரு காலைப்பொழுதில் தீர்ந்துபோனது. ஆனால் புடவை அப்படியேதான் கிடந்தது, கல்யாணத்துக்கு இடையில் மூன்று நாள்தான் மிச்சம்.

வாசுகியிடம் முதலில் சொல்லவேண்டாம், சின்னப் பெண், உடைந்துபோவாள். புடவை எடுத்த நவமணியிடம் போய்க் காலில் விழாத குறையாகச் சொல்லிவிடுவோம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். வியாழக்கிழமை காலை சம்சியாக்கா கார் ஓட்டினார். ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டுகிறவர். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப்போனார்கள். பெண்டாங்கை நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் வயல். யோகேஸ்வரி மடியில் இருந்த புடவையை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தாள். என்ன சொல்வது என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் சும்மா வா புள்ள, நானே பயந்துபோய் ஓட்டுறேன் என்று சம்சியாக்கா அதட்டினார்.

நவமணி பள்ளிக்கூடச் சிற்றுண்டிக்கடை நடத்துகிறவர், கையில் மாவோடு வந்து கதவைத் திறந்தார். முன்னறையில் பாதிக்குமேல் சீர்த்தட்டுகள் அடுக்கியிருந்தன. சம்சியாக்கா, வீடு என்னோடதும்மா, சுவரு ஒழுகி என்று ஆரம்பித்தார். யோகேஸ்வரி இடைமறித்து, அந்தச் சுவருக்குப் பக்கத்தில் வைத்தது நான்தான் என்றாள். இரண்டு பேரும் மாறிமாறிக் குற்றத்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருக்க, நவமணி கையைக் கழுவிக்கொண்டு வந்து, பேசாமல் புடவையைப் பிரித்தார். புள்ளிகளைப் பார்த்தார். எழுந்துபோய் முன்கதவைச் சாத்தினார்.

அவர் திட்டியிருந்தால் யோகேஸ்வரி தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் திட்டவில்லை. எத்தனை பேருக்குத் தெரியும் என்று தணிந்த குரலில் கேட்டார். நாலு பேர், அதுபோகக் கடைப் பெண்கள், அவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள் என்றதும் பெருமூச்சு விட்டார். மகனுக்கும் வாசுகிக்கும் ஜாதகம் சரியில்லை என்று மூத்தார் குடும்பம், கணவரின் அண்ணன் வீட்டார், முதலிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருக்கிறதாம். இது அவர்கள் காதில் விழுந்தால் மணவறையிலேயே பேசுவார்களாம்.

"நீ தையல்காரி. ஃபால்ஸ மாத்தி வச்சுத் தை. புள்ளியெல்லாம் உள்சுத்துல போயிரும், கொசுவத்துல போயிரும். அந்தப் புள்ளைக்கும் தெரிய வேணாம், யாருக்கும் தெரிய வேணாம். ஒம்பேரும் கெடாது," என்றார் நவமணி.

நடக்கக்கூடியதுதான். யோகேஸ்வரி பார்வையாலேயே அளந்துவிட்டாள்: எந்த ஓரத்தை இடுப்பில் செருகினால் எந்த மடிப்பு உள்ளே போகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? சம்சியாக்காவும் அல்லாவே என்று நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். நவமணி நல்ல மனுஷி, பெரிய மனசு. வாடிக்கை தப்பியது, பெயர் தப்பியது, மகளின் படிப்புக்கும் ஆபத்தில்லை. சரிம்மா என்ற ஒரு சொல்தான் பாக்கி.

அந்த ஒரு சொல் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்சியாக்காவைப் பார்த்தாள். இந்த மனுஷி வருஷா வருஷம் எதற்கு முன்னால் தலை வைத்துத் தொழுதோம் என்பது தெரியாமலே தொழுதுவிட்டுப் போயிருக்கிறார். அதேபோல வாசுகி இதைக் கட்டிக்கொண்டு அக்கினிக்கு முன்னால் உட்காருவாள், எதைக் கட்டியிருக்கிறோம் என்பது தெரியாமலே. போதும், இன்னொரு கோட் அடிக்க என்னால் ஆகாது என்று யோகேஸ்வரிக்குத் தோன்றியது. நவமணி கையைப் பிடிப்பதற்குள் போனை எடுத்து வாசுகிக்கு வீடியோ கால் போட்டுவிட்டாள்.

வாசுகி கிளினிக் உடையில், ஏதோ மருந்து அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள். யோகேஸ்வரி மூச்சு விடாமல் சொன்னாள். சுவர், மஞ்சள், பிளாஸ்டிக், திங்கட்கிழமை பார்த்தது, மூன்று நாள் மறைத்தது, எல்லாவற்றையும்.

நல்லா காய வச்சீங்களா, இப்பவும் வாடை வருதா என்று கேட்டாள் வாசுகி. நர்ஸ் இல்லையா, முதலில் அதுதான் வந்தது. அப்புறம்தான் குரல் லேசாக உடைந்தது.

"நான் அதையேதான் கட்டிக்குவேன். ஆனா எங்க எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும்க்கா. காட்டுங்க."

நவமணியின் முன்னறைத் தரையில், சீர்த்தட்டுகளுக்கு நடுவே ஆறு கெஜமும் விரிந்தது. சம்சியாக்கா போனைப் பிடித்துக்கொண்டார். யோகேஸ்வரி மண்டி போட்டு, ஓரத்தோடு நகர்ந்து, ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் விரலை வைத்துக் காட்டினாள். இது உள்சுற்றில் போகும். இது கொசுவத்தில் போகும். இதுவும் கொசுவம்தான். பத்து வரைக்கும் வந்ததும் நவமணி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புடவையைச் சுருட்டக் குனிந்தார்.

இன்னும் ஒண்ணு இருக்கு என்றாள் யோகேஸ்வரி.

அதை நவமணியும் பார்க்கவில்லை, சம்சியாக்காவும் பார்க்கவில்லை. ஜரிகைக்கும் பூவேலைக்கும் நடுவில் பச்சரிசி அளவுக்கு ஒரு புள்ளி. முந்தானையில், தோளுக்கு முன்னால் வந்து விழுகிற இடத்தில், எந்த மடிப்பிலும் எந்தத் தையல்காரியாலும் ஒளிக்க முடியாத இடத்தில் இருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் பூவேலையோடு கலந்து யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. அவள் அதையும் தொட்டுக் காட்டினாள்.

வாசுகி போனுக்குள் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து அதை வெகுநேரம் பார்த்தாள். ரவிக்கை முடிந்துவிட்டதா என்று கேட்டாள். முடிந்துவிட்டது, அளவு பார்ப்பது மட்டும்தான் பாக்கி என்றாள் யோகேஸ்வரி.

"நாளைக்கு வாறேன். ஆனா உங்க வீட்டுக்கு வரமாட்டேன்க்கா. வேற எடம் சொல்லுங்க."

யோகேஸ்வரி வாயைத் திறந்தாள். சொல்வதற்கு அவளுக்கென்று வேறு இடம் ஏது? போனைப் பிடித்திருந்த சம்சியாக்கா அதைத் தன் பக்கம் திருப்பி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"கடைக்கு மேல என் வீடு இருக்கும்மா. சுவர் வேல முடியுற வரைக்கும் இவ மெஷினு அங்கதான் இருக்கும். அங்க வா."